எஞ்சின் நிற்கும்வரை

எங்கள் ஒழுங்கையில் சாவு விழுந்தால் செல்வரட்ணத்தின் மில் நிற்கும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. பறைச் சத்தம் எழுவதற்கு முன்பே அவர் எஞ்சினை நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவார். அரைக்கக் கொடுத்த அரிசியும் மிளகாயும் பைகளோடு அப்படியே கிடக்கும். பெட்டி சுடலைக்குப் போய், ஆட்கள் முழுகிவிட்டுத் திரும்பிய பிறகுதான் மறுபடி சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்து அந்த வழக்கம் ஒரே ஒருமுறை தவறியது. அது அவருடைய சொந்த அத்தானின் செத்தவீட்டில்.

எஞ்சினைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம், டீசலும் இல்லை, மின்சாரமும் பாதி நாள் இல்லை. நீர்வேலியில் இருந்த மில்கள் ஒவ்வொன்றாக நின்றன. செல்வரட்ணம் மில் வைப்பதற்கு முன் வாகனம் திருத்தியவர். பழைய வான் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி வந்து, இரண்டு இரும்புப் பீப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, விரலளவு விறகுத் துண்டுகளை அதற்குள் காற்றுக் குறைவாக எரியவிட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார். பெற்றோல் ஒரு சொட்டும் வேண்டாம். கோப்பாயிலிருந்தும் அச்சுவேலியிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரே தொல்லை, ஈரம். விறகில் ஈரம் இருந்தால் வாயுவோடு தார்போன்ற கீலும் சேர்ந்து வரும். எஞ்சின் இருமும், பிறகு நிற்கும். அப்போதெல்லாம் செல்வரட்ணம் கறுத்த கைகளோடு வெளியே வந்து எஞ்சினைத் திட்டுவார்.

குழாயை நீட்டும் யோசனையைச் சொன்னவர் அத்தான்தான். நமசிவாயம். செல்வரட்ணத்தின் அக்கா கேதீஸ்வரியின் கணவர். வாழைத் தோட்டம் செய்தவர். அதற்கு முன் புகையிலை. இரண்டு வீடும் அடுத்தடுத்த வளவு, நடுவில் ஒரு வேலி. பின்னேரங்களில் தோட்டத்து மண் காலோடு மில்லுக்கு வந்து, அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு கதைத்துக்கொண்டிருப்பார். நான் அரைக்கப் போன ஒரு நாள் அந்தக் கதையைக் கேட்டேன்.

"செல்வம், உன்ரை எஞ்சின்ரை சூடு முழுக்கச் சைலன்சராலை வெளியிலை போகுது. ஆருக்கு அந்த வெக்கை? காகத்துக்கோ?"

"அதை என்ன அத்தான் செய்யிறது? பிடிச்சுப் போத்திலிலை அடைக்கிறதே?"

"உந்த மூலையிலை புகையிலைக் குடில் சும்மா கிடக்குது. மண் சுவர். பிடிச்ச சூட்டை லேசிலை விடாது. சைலன்சர்க் குழாயை நீட்டி அதுக்குள்ளாலை விடு."

"புகை விறகிலை படுமெல்லே?"

"ஏன் படுது? குழாய் நிலத்தோடை போய்க் கூரையாலை வெளியிலை போகட்டும். எங்களுக்கு வேண்டினது சூடு, புகையில்லை. கீழை நாலு ஓட்டை, மேலை ஒண்டு. ஈரம் மேலாலை போகும். இருவது வருசம் புகையிலைக்குச் சூடு பாத்தவன் சொல்லுறன்."

இரண்டு பேரும் சேர்ந்துதான் குழாயைப் போட்டார்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் ஒட்டினார். முன்பு புகையிலை தொங்கிய தடிகளில் கம்பி வலைத் தட்டுகளைக் கட்டினார்கள். நான் அப்போது விஞ்ஞான பீடத்தில் கடைசி வருடம். ஆய்வுகூடத்தில் கேட்டு ஒரு வெப்பமானி கொண்டுவந்தேன். எஞ்சின் மூன்று மணி நேரம் ஓடிய பிறகு குடிலுக்குள் அறுபத்தெட்டுப் பாகை. பச்சைத் துண்டுகளை ஒரு கிலோ நிறுத்து உள்ளே வைத்தோம். இரண்டு நாள் கழித்து ஐந்நூற்று இருபது கிராம் இருந்தது.

"மிச்சம் எங்கை பிள்ளை?" என்றார் செல்வரட்ணம்.

"தண்ணி, மாமா."

"அப்ப இவ்வளவு நாளும் நான் தண்ணியையே எரிச்சனான்?"

நமசிவாயம் சிரித்தார். "பாத்தியே, எஞ்சின் தான் தின்னப்போறதைத் தானே சூடாக்கி வைக்குது. உனக்கு ஆர் சூடாக்கி வைக்கிறது? கனகாம்பிகை பழஞ்சோறுதானே தாறவள்?"

"எனக்குக் கேக்குது அண்ணை," என்றார் உள்ளே மா அரித்துக்கொண்டிருந்த செல்வரட்ணத்தின் மனைவி. "நாளைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி இல்லை."

அப்படி இருந்தார்கள். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஒரு ஆள் குனிந்து நுழையலாம். கூழ் காய்ச்சினால் சட்டி அதற்குள்ளால் போகும். திரும்பி வரும்போது அதற்குள் இரண்டு கதலிச் சீப்பாவது இருக்கும். வெறும் சட்டி வந்ததை நான் பார்த்ததில்லை.

எரிபொருள் திரும்பி வந்தது. மற்ற மில்களும் ஓடத் தொடங்கின. செல்வரட்ணம் எஞ்சினை விடவில்லை. இப்போது பச்சை விறகென்றாலும் அவருக்குப் பயமில்லை. முன்பு ஒரு கொப்பை வெட்டினால் மூன்று மாதம் காய வேண்டும். இப்போது காலையில் வெட்டி, இரண்டு நாள் கழித்து எரிக்கலாம். அவருடைய கண் மெல்ல மெல்லப் பச்சை மரங்கள் பக்கம் திரும்பியது. முதலில் ஒழுங்கையில் நீட்டிக்கொண்டிருந்த கொப்புகள். பிறகு கோயில் வீதியில் காற்று முறித்த பூவரசு. பிறகு வேலி.

வேலி பங்கு வேலி. கிணற்றடியிலிருந்து ஒழுங்கைவரை அக்காவின் பாகம், கிணற்றடிக்குப் பின்னால் தம்பியின் பாகம். கிளுவையும் பூவரசும் கலந்து நட்ட கதியால்கள், வேர்விட்டுத் துளிர்க்கும் தடிகள். அவரவர் பாகத்தை அவரவர் அடைக்க வேண்டும். குழை அவரவர் ஆட்டுக்கு. பங்குனி மாதம், வருடப்பிறப்புக்கு மா அரைக்கச் சனம் நெருக்கியது. குடிலில் விறகு காலி. செல்வரட்ணம் கத்தியோடு போய்த் தன் பாகத்தை முழங்காலளவுக்கு வெட்டினார். அது போதவில்லை. அடுத்த நாள் விடியற்புறம் அக்கா வீட்டார் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவர்களுடைய பாகத்தையும் வெட்டினார். பின்னேரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகப் பிறகு கனகாம்பிகை மாமி சொன்னார்.

நான் எங்கள் வாசல் படலையில் நின்று அதைப் பார்த்தேன். அந்த வெயிலில் அவ்வளவு கீழே வெட்டினால் துளிர்க்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பெரியவர்களுடைய வேலி, நான் என்ன சொல்வது என்று நின்றேன்.

நமசிவாயம் திரும்பி வந்தபோது மில் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் பைகளோடு நின்றார்கள். அவர் சத்தம் போடவில்லை.

"செல்வம், ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"வேலிதானே அத்தான். துளிர்க்கும்."

"பங்குனி வெய்யிலுக்கை அடியோடை வெட்டினது எப்பிடித் துளிர்க்கும்? ஆட்டுக்குக் குழை இல்லை எண்டதை விடு. பொம்பிளையள் குளிக்கிற கிணத்தடி. இப்ப ஒழுங்கையிலை போறவன் எல்லாம் பாப்பான்."

"நான் மில்லை நிப்பாட்டினா உந்தச் சனத்துக்கு ஆர் மா அரைக்கிறது? உங்கடை ஆடோ?"

நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நமசிவாயம் அதோடு நிறுத்தியிருப்பார் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

"பகிடி விடாதை. அது எங்கடை பாகம்."

"எங்கடையோ? எங்கடை அப்பு நட்ட கதியால் அது. நீர் அக்காவின்ரை சீதனக் காணிக்கு வந்தனீர். வந்தவர் வந்த மாதிரி இரும். வேலிக் கதை உமக்கு வேண்டாம்."

அத்தானை அவர் மரியாதை குறைத்து 'நீர்' என்று சொன்னது அன்றுதான். எங்கள் ஒழுங்கையில் பாதி ஆண்கள் மனைவியின் சீதனக் காணியில் இருப்பவர்கள். என் அப்பாவும் அப்படித்தான். யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. சிரித்தவர்களும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"சரி," என்றார் நமசிவாயம். போய்விட்டார்.

கதியால்களில் பத்துக்கு மூன்றுதான் துளிர்த்தன. ஆனால் அதற்கு முன்பே, அந்தக் கிழமைக்குள், நமசிவாயம் தன் பாகத்தில் தகரம் அடித்துவிட்டார். கொங்கிறீற்றுத் தூண் நட்டு, ஆள் உயரத் தகரம். பிறகு தம்பியின் பாகத்திலும் தன் வளவுக்குள் ஓரடி தள்ளி நின்று அடித்தார். தகரத்தில் பொட்டு வைக்க முடியாது.

அதன் பிறகு நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. நமசிவாயத்தின் மகள் உதயகலாவின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் வந்தது, தம்பி வீட்டுக்குச் சொல்லவில்லை. செல்வரட்ணத்துக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது, யாரும் வந்து பார்க்கவில்லை. கேதீஸ்வரி மாமி மா அரைக்க ஒரு மைல்கட்டை தள்ளி இருந்த மின்சார மில்லுக்குப் போனார். செல்வரட்ணம் பின்னேரங்களில் அரிசி மூட்டையைப் பார்த்தபடி இருப்பார். யாராவது அதில் சாய்ந்தால், "உதிலை இருக்காதை, கிழியும்" என்பார்.

இரண்டரை வருடத்துக்கு மேல் அப்படிப் போனது.

இந்தக் கார்த்திகையில் புயல் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. வாழைகள் எல்லாம் விழுந்தன. மின்சாரம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிய, விழுந்த வாழைகளைப் பார்க்கக் குடையோடு தோட்டத்துக்குப் போன நமசிவாயம் வரம்பில் இருந்தபடியே செத்துப்போனார். நெஞ்சு நோ என்று யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

செல்வரட்ணம் அப்போது மில்லில் இருந்தார். மின்சாரம் இல்லாததால் சனம் எல்லாம் அங்கேதான். செய்தி வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். பிறகு எங்கே போவதென்று தெரியாதவர்போல் தகரத்தின் பக்கம் போய் நின்றார். நான் அம்மாவோடு செத்தவீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். தலையில் ஒரு உரப்பையைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் ஒப்பாரி கேட்டது.

"போங்கோவன்," என்றார் கனகாம்பிகை மாமி. "சாவுக்கு ஆர் அழைப்பு வைக்கிறது?"

"அக்கா வெளியிலை போ எண்டால்?"

"போ எண்டால் திரும்பி வாங்கோ. செத்தவீட்டிலை துரத்துப்பட்டு ஒருத்தரும் செத்ததில்லை."

"நாளைக்குப் போறன்."

நமசிவாயத்தின் மகன் செந்தூரன் கொழும்பிலிருந்து வர வேண்டும். வழியெல்லாம் வெள்ளம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிரேதத்தை எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மில்லின் சத்தம் கேட்டது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உந்த மனுசனுக்கு விசரே? பிரேதம் வீட்டிலை கிடக்குது. போய்ப் பார் பிள்ளை."

போனேன். மில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பின்பக்கத்தால் போனேன். குடில் வாசலில் கனகாம்பிகை மாமி குந்தியிருந்தார். குடிலுக்குள் வலைத் தட்டுகள் இல்லை. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, நீள விறகுகளை நிலத்திலிருந்து கூரைவரை குறுக்கும் மறுக்கும் அடுக்கியிருந்தார்கள். மாமர விறகு. ஆள் நீளம். நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் கேட்கவில்லை. மாமியாகவே சொன்னார்.

"வாகீசன் சுடலைக்கு ஏத்திக்கொண்டு போனவன். உதயகலாவின்ரை மனுசன். எல்லாம் ஊறிப்போன விறகு. மண்ணெண்ணெய் ஊத்தினாலும் பிடியாது. இவர் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினை மறிச்சு இஞ்சை இறக்கச் சொல்லிப்போட்டார்."

மில்லுக்குள் எஞ்சின் முழு வேகத்தில் ஓடியது. செல்வரட்ணம் பீப்பாவுக்குள் துண்டு விறகைப் போட்டுக்கொண்டிருந்தார். அரைக்கும் கல்லுக்கு வார் மாட்டியிருந்தது. மேலே கொட்டியிருந்தது அரிசி இல்லை. உமி. அரைத்துத் தூளான உமியைத் திரும்ப அள்ளி மேலே கொட்டினார்.

எனக்கு விளங்கியது. வேலை இல்லாமல் சும்மா ஓடும் எஞ்சினில் குழாய் அவ்வளவு சூடேறாது. பாரம் கொடுத்தால்தான் சூடு. அதற்காகக் கல்லை இறுக்கி உமியை அரைக்கவிட்டிருந்தார். சத்தம் மா அரைக்கும் சத்தமேதான். ஒரு வித்தியாசமும் இல்லை.

"இது ஒரு நாளிலை உள் ஈரம் போகாது, மாமா," என்றேன்.

"தெரியும். மேல் ஈரம் போகட்டும். பிளந்துதான் அடுக்கினனான். மழைத்தண்ணி போனாப் பிடிக்கும்." என்னைப் பார்த்தார். "பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதை. வாகீசனுக்கும் சொல்லியிருக்கிறன். என்ரை குடில் விறகெண்டு தெரிஞ்சா அக்கா வேண்டாமெண்டு சொல்லிப்போடுவா. பேந்து அத்தான் எரியாமல் பாதியிலை கிடப்பார்."

'பாதியிலை' என்றதும் முகத்தைத் திருப்பினார். உமியை அள்ளினார்.

அம்மாவிடம், "எஞ்சினைச் சும்மா ஓட்டிப் பாக்கிறாராம்" என்றேன். அம்மா நம்பவில்லை.

இருட்டும் நேரம் துண்டு விறகு முடிந்து எஞ்சின் நின்றது. செவ்வாய் விடியற்காலை இருவருமாக, கனகாம்பிகை மாமி கூரைக்குள் செருகி வைத்திருந்த பழைய பனை மட்டைகளையும், ஆட்டுக் கொட்டிலின் தடிகளையும் இழுத்துத் துண்டு போட்டார்கள். பழைய வேலிக் கதியால்களின் அடிக்கட்டைகள் சில மில் மூலையில் கிடந்தன. அவற்றையும் செல்வரட்ணம் பிளந்து போட்டார் என்று மாமி பிறகு சொன்னார். ஏழு மணிக்கு எஞ்சின் மறுபடி ஓடியது.

செத்தவீட்டில் அந்தச் சத்தம் தகரத்துக்கு மேலால் வந்து விழுந்தது. தேவாரம் பாடியவர்கள் குரலை உயர்த்திப் பாடினார்கள். ஐயர் கிரியை செய்யும்போது இரண்டு தரம் நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தார். பந்தலுக்குள் பெண்கள் கதைத்தார்கள்.

"கரண்ட் இல்லாத நேரம் எல்லே. இண்டைக்கு நல்ல உழைப்பு."

"கூடப்பிறந்தவளின்ரை தாலி இறங்குது. உவனுக்கு மா."

"அம்மா, நான் போய் ஒரு சொல்லுச் சொல்லட்டே?" என்று உதயகலா எழும்பினாள். முகம் வீங்கியிருந்தது. "மாமாவுக்கு இண்டைக்கும் அரைக்க வேணுமாமோ? அப்பா இவருக்கு என்ன செய்தவர்?"

"இரு," என்றார் கேதீஸ்வரி மாமி. பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். "நீ இரு. ஒருத்தரும் போக வேண்டாம்."

பதினொரு மணிக்கு லான்ட்மாஸ்ரர் பாதி விறகோடு சுடலைக்குப் போனது. வாகீசன் அதிலேயே போய்விட்டான். மிச்சப் பாதி குடிலுக்குள். இரண்டு மணிக்கு எடுப்பதென்றபடியால், ஒரு மணிவரை எஞ்சினை ஓட்டிவிட்டு, விறகை ஏற்றிவிட்டு, முழுகிவிட்டு வந்து முகம் பார்ப்பது என்று செல்வரட்ணம் கணக்குப் போட்டிருந்தார். அவருடைய வேட்டியும் சால்வையும் கொடியில் மடித்துக் கிடந்தன.

பன்னிரண்டு மணிக்கு மழை விட்டது. நாலு நாளைக்குப் பிறகு மேற்கில் கொஞ்சம் வெளித்தது. பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். இந்த இடைவெளியை விட்டால் பிறகு எடுக்க முடியாது, இப்போதே எடுப்போம் என்றார்கள். செந்தூரனும் வந்திருந்தான். அவசரம் அவசரமாக வாய்க்கரிசி போட்டார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் இந்த அவசரம் தெரிந்திருக்காது. எஞ்சின் சத்தத்துக்குள் இருப்பவருக்குப் பறைச் சத்தமே கேட்காது.

பெட்டியை மூட இரண்டு பேர் மூடியைத் தூக்கினார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் கேதீஸ்வரி மாமி.

எல்லாரும் அழுகைதான் என்று நினைத்தார்கள். யாரோ அவருடைய தோளைப் பிடித்தார்கள். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திப் படலைப் பக்கம் பார்த்தார். பிறகு தகரத்தைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நாலடி தள்ளி நின்றேன். அவர் எதற்குப் பொறுக்கச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. வேறு யாருக்காவது விளங்கியதா தெரியாது. ஓடிப்போய் அவர் காதில், மாமி, அது மா இல்லை என்று சொன்னால் போதும். அல்லது பின்பக்கத்தால் ஓடி அவரைக் கூட்டிவந்தால் போதும். ஒருத்தருக்கும் சொல்லாதை என்றிருந்தார். சுற்றிவர நூறு பேர். எல்லாரும் பார்ப்பார்கள். நின்ற இடத்திலேயே நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். மூன்றும் இருக்கலாம்.

"காணும்," என்றார் அவர். "மூடுங்கோ."

பெட்டி ஒழுங்கையால் போனபோது செல்வரட்ணம் தன் படலைக்கு ஓடி வந்தார். கனகாம்பிகை மாமி கண்டு கத்தியிருக்க வேண்டும். கைகள் முழங்கைவரை கரி. மூடிய பெட்டி அவருக்கு முன்னால் ஓரெட்டுத் தூரத்தில் போனது. கும்பிடக் கையைத் தூக்கினார். கரியைப் பார்த்துவிட்டுப் பாதியில் இறக்கினார். பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊர்வலத்தில் போனவர்களில் ஒருவர் அவர் காலடியில் துப்பினார்.

மிச்ச விறகை, திரும்பி வந்த லான்ட்மாஸ்ரரில் அவரே ஏற்றினார். வாகீசன் கேட்டும் சுடலைக்குப் போகவில்லை.

விறகு நன்றாகப் பிடித்ததாம். மழை திரும்ப வந்தபோது பாதிக்கு மேல் முடிந்துவிட்டதாம். அடுத்த நாள் காடாத்துக்கு எலும்பு பொறுக்கப் போனவர்கள் சொன்னார்கள். அன்றைக்கே வாகீசனால் பொறுக்க முடியாமல் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டான் என்றும் கேள்விப்பட்டேன். உதயகலா அழுதாளாம்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்தது. கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. மின்சாரம் வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. செல்வரட்ணம் எஞ்சினை ஓட்டினார். வேலி இருந்த இடத்தில் தகரத்தோடு ஒட்டிப் புதுக் கதியால்கள் நட்டிருந்தார். மழைக்கு நட்டதால் சில துளிர்த்தன.

அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள் காலை, நான் மிளகாய் வறுத்துக் கொண்டுபோயிருந்தேன். கேதீஸ்வரி மாமி ஒரு அரிசிப் பையோடு வாசலில் வந்து நின்றார். வெறும் நெற்றி. செல்வரட்ணம் அவரைக் கண்டார். எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார்.

"அரிசி. நாலு கிலோ," என்றார் மாமி.

அவர் பையை வாங்கி மேலே கொட்டினார். கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. மா விழத் தொடங்கியது. சத்தத்துக்கு மேலால்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் நீ," என்றார் மாமி.

"சொன்னா விட்டிருப்பியளே, அக்கா?"

மாமி யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"விட்டிருக்க மாட்டன்."

"அதுதான்."

"ஆனா நீ வந்திருக்கலாம். முகம் பாக்க."

"வெளிக்கிட்டுத்தான் நிண்டனான். ரெண்டு மணி எண்டவை. எஞ்சினை நிப்பாட்டினா விறகு குளிர்ந்துபோம் எண்டு..."

"மூடியைத் தூக்கினாப்பிறகு நான் பொறுக்கச் சொன்னனான்."

செல்வரட்ணம் அவரைப் பார்த்தார்.

"உனக்குத்தான். எஞ்சின் நிக்குமோ எண்டு பாத்தனான். நிண்டா நீ வாறாய் எண்டு அர்த்தம். நிண்டால் பொறுக்கலாம் எண்டு... நிக்கேல்லை."

அவர் போய் எஞ்சினை நிறுத்தினார். வார் சுற்றித் தளர்ந்து நின்றது. பாதி அரிசி மேலேயே இருந்தது. அவ்வளவு நேரமும் கேட்காத சத்தங்கள் கேட்டன. காகம். குடிலுக்குள் குழாய் சூடாறும்போது வரும் டிக் டிக் சத்தம்.

மாமி என் பக்கம் திரும்பினார்.

"நீ அண்டைக்குக் கிட்டத்தானே நிண்டனி. உனக்குத் தெரியுமோ?"

"ஓம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீயும் சொல்லேல்லை," என்றார்.

செல்வரட்ணம் அரிசி மூட்டையைப் பிடித்தபடி நின்றார். அவருடைய முதுகு குலுங்கியது. கனகாம்பிகை மாமி உள்ளிருந்து வந்து, பார்த்துவிட்டு, சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

"இப்ப நிப்பாட்டி என்ன செய்யிறது, செல்வம்?" என்றார் மாமி. "அரை. பிள்ளையளுக்குப் பின்னேரம் புட்டு அவிக்க வேணும்."

செல்வரட்ணம் எஞ்சினை எடுத்தார். முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் பிடித்தது.

மா சூடாக இருந்தது. மாமி பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தகரத்தோரம் நட்டிருந்த கதியால்களை ஒருமுறை பார்த்தார்.

"உவ்வளவு கிட்ட நட்டா நிக்காது," என்றார். "தகரத்து வெக்கை."

அவர் ஒழுங்கையால் போனார். மில் வாசலிலிருந்து அந்த வீட்டு அடுப்படிக்கு வேலிப் பொட்டால் போனால் முப்பதடி. ஒழுங்கையைச் சுற்றிப் போனால் இருநூற்று அறுபது. நான் ஒருமுறை அளந்து வைத்திருந்தேன்.